இருமல் நோட்டின் மறுபுறம்

மார்ச் 4

இந்த நோட்டு என்னுடையது இல்லை. அப்பாவின் இருமலுக்காக நேற்று வாங்கியது. இதில் நான் எழுதுவதற்கு முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முன்பக்கம் முழுக்க அவருக்கு. நான் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னட்டையிலிருந்து தொடங்குகிறேன். அதிக இடம் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நெஞ்சக மருத்துவமனையில் இருந்த நர்ஸ் அக்காதான் நோட்டுப் போடச் சொன்னார். "தேதி, நேரம், எத்தனை தடவை இருமினார், சளி என்ன நிறம், அப்போ என்ன செஞ்சுக்கிட்டு இருந்தார். அஞ்சு கட்டம் போட்டு எழுதிட்டு வாம்மா. டாக்டர் கேக்கும்போது 'ஏதோ இருமுறாரு'ன்னு தலையச் சொறியக் கூடாது." அளவுகோல் வைத்து ஐந்து கட்டம் போட்டுவிட்டேன். கோடு போடுவது எனக்குப் பிடிக்கும். பேச வேண்டியதில்லை.

இருமல் பிடித்து ஐந்து மாதம். முன்பும் வந்து வந்து போயிருக்கிறது. இந்த முறை போகவில்லை. மருந்துக்கடைப் பாட்டில்கள் மூன்று வகை குடித்தாயிற்று. அம்மா இஞ்சி, தேன், மிளகு எல்லாம் கொடுத்து ஓய்ந்துவிட்டாள். மூன்று மாடி ஏறி வந்ததும் அப்பா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். குனிந்து செருப்பை ஒழுங்காக வைப்பது போல நடிக்கிறார். எங்கள் வீட்டில் செருப்புகள் இவ்வளவு ஒழுங்காக எப்போதும் இருந்ததில்லை.

மருத்துவமனைப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். குடும்பத்தில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். வயது 49. புகை: இல்லை. தொழில்: வழக்கம்போல, "சொந்தத் தொழில்".

அப்பா கல் அறுப்பவர். புதிதாகக் கட்டும் வீடுகளில் சமையலறை மேடைக்குக் கல் அளந்து, அறுத்து, சிங்க் வைக்க ஓட்டை போட்டு, ஓரம் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பதித்துக் கொடுப்பவர். படிவத்தில் அதற்கெல்லாம் இடம் இல்லை.

மார்ச் 5

காலை 11, மதியம் 6, மாலை 19. இதைப் போய்ப் பின்பக்கத்தில் எழுதிவிட்டேன். முன்பக்கத்துக்கு மாற்ற வேண்டும்.

மார்ச் 9

டாக்டர் ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று சொல்லி வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து கொடுத்திருக்கிறார். நர்ஸ் அக்கா பயன்படுத்திக் காட்டினார். மருந்தைக் குலுக்கணும், மூச்சை முழுக்க வெளியே விடணும், உதட்டை இறுக்கணும், அழுத்திக்கிட்டே மெதுவா உள்ளே இழுக்கணும், பத்து எண்ணுற வரைக்கும் பிடிச்சு வைக்கணும், அப்புறம் வாய் கொப்பளிக்கணும். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வாயில் வைத்துப் பலமாக வெளியே ஊதினார். மருந்து அக்காவின் கண்ணாடியில் போய்ப் படிந்தது.

"ஐயா, எனக்கு இருமல் இல்ல. மருந்து உங்களுக்கு."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இப்போதெல்லாம் அவரைச் சிரிக்க வைக்கவே பயமாக இருக்கிறது. அந்த அக்காவுக்கு நான் 'ஊதல் அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறேன். வெளியே சொல்லவில்லை.

சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, அப்பாவோடு ஒரே வேலை, ஒரே வண்டி. மருந்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"என்ன டிகிரி, மச்சானுக்கு விசில் வாங்கிக் குடுத்துட்டியா?"

என்னை அவர் கூப்பிடுவது அப்படித்தான்.

"இதெல்லாம் ஆரம்பிச்சா விடாதுன்னு சொல்றாங்களே," என்றாள் அம்மா.

"இருமலும்தான் விட மாட்டேங்குது," என்றார் அப்பா.

மாமாவை அப்பா திட்டுவதைக் கேட்க வேண்டும். கல் அறுக்கும் மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்குமாம். "கண்ணு என்ன முதுகிலயா இருக்கு, அரை இஞ்சு போச்சு பாருடா!" என்று கத்தினால் பக்கத்துக் கட்டடத்துக் கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிடுவார் என்று மாமாவே சொல்வார். அம்மாவையும் திட்டுவார். என்னை மட்டும் திட்டியதே இல்லை. சின்ன வயதில் அவருடைய அளவு நாடாவைக் கத்தரியால் நறுக்கிவிட்டேன். "படிக்கிற பொண்ணு, ஏதாவது கணக்கா இருக்கும்," என்றாராம்.

மார்ச் 17

எனக்கு வேலை, பள்ளிக்கூடப் பாடங்களுக்குக் கையேடு போடும் அச்சகத்தில் பிழை பார்ப்பது. எட்டு மணி நேரம் யாரிடமும் பேச வேண்டாம். சிவப்புப் பேனா போதும். இன்று மதியம் சாப்பிட்டுக்கொண்டே இந்த நோட்டையும் அதே கண்ணால் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணிக்கை பாதியாகிறது. போன வாரம் ஒரு வீட்டில் கல் வந்து சேராமல் மூன்று நாள் சும்மா இருந்தார். மூன்று நாளும் குறைவு. நாலாம் நாள் மறுபடி ஏறியிருக்கிறது.

ஓய்வு எடுத்தால் குறைகிறது என்று ஓரத்தில் எழுதி வைத்தேன்.

"என்ன செய்துகொண்டிருந்தார்" என்ற கட்டத்தில் மற்ற எல்லா நாளும் ஒரே சொல்தான்: வேலை. வேலை. வேலை.

மார்ச் 28

மூன்றாவது தடவை மருத்துவமனை. அப்பா எக்ஸ்-ரே வரிசையில் இருந்தபோது டாக்டர் என்னைக் கூப்பிட்டார். சின்ன வயதுக்காரர், வேகமாகப் பேசுபவர், கெட்டவர் இல்லை.

"சொந்தத் தொழில்னா என்னம்மா? கடையா?"

"ம்."

"தூசி கீசி ஒண்ணும் இல்லையே?"

நான் என்ன சொன்னேன்? எதுவும் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே... இல்லை. தெரியும். இல்லை என்றுதான் ஆட்டினேன்.

படத்தில் இரண்டு பக்கமும் மேல்பகுதியில் புள்ளி புள்ளியாக இருக்கிறது. சளியில் கிருமி இல்லை. "ஆனா படம் காசநோய் மாதிரிதான் இருக்கு. சளிய வளத்துப் பாக்க அனுப்பியிருக்கோம், அது வர ரெண்டு மாசமாகும். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், மாத்திரைய ஆரம்பிச்சுடலாம்." ஆறு மாதம் சாப்பிட வேண்டும். ஒருநாள் கூட விடக் கூடாது.

பேருந்தில் அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். அவர் மூச்சு என்மேல் பட்டுவிடக் கூடாதாம்.

ஏப்ரல் 2

அம்மா அப்பாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்துவிட்டாள். கிருமி இருந்தாலும் தட்டில் ஒட்டாது என்று ஊதல் அக்கா சொன்னதைச் சொன்னேன். "நீ படிச்சவ, உனக்குத் தெரியும். எனக்குப் பயமா இருக்கு," என்றாள். பிறகு சமையலறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள். எதற்கு அழுதாள், தட்டுக்கா, அவருக்கா?

மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது. மாமா விடவில்லை. "மச்சான் உள்ளுக்குள்ள பெயிண்ட் கடையே வச்சிருக்காரு."

அப்பா வேலைக்குப் போகிறார். ஒருநாளும் விடவில்லை, மாத்திரையையும் வேலையையும்.

ஏப்ரல் 11

எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஓட்டை போடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, அளந்து, நேராக.

ஏப்ரல் 19

மெதுவாக எழுதுகிறேன்.

இன்று ஒன்பதாம் வகுப்பு அறிவியல் கையேடு என் மேசைக்கு வந்தது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதி. கேள்வி 14: கல் அறுக்கும் தொழிலாளர்களின் நுரையீரலில் நுண்ணிய தூசி படிவதால் ஏற்படும் நோய் எது? அ. ஆஸ்துமா. ஆ. காசநோய். இ. சிலிக்கோசிஸ். ஈ. நிமோனியா.

பின்னால் விடைப்பட்டியலில் 'ஆ' என்று போட்டிருந்தது. அடித்துவிட்டு ஓரத்தில் 'இ' என்று எழுதினேன். கேள்வி 15க்குப் போனேன். 16. 17. பதினெட்டாவதையும் முடித்துவிட்டு டீக் கோப்பையைக் கழுவ எழுந்து போனேன். குழாயடியில் கருப்புக் கல் மேடை. யாரோ அறுத்துப் பதித்தது. சிங்க்கைச் சுற்றி அந்த வளைவு...

அங்கேயே நின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரி வந்து குழாயை மூடினாள். "என்னடி, தண்ணி போய்க்கிட்டே இருக்கு?"

முதலில் ஆஸ்துமா என்றார்கள். பிறகு காசநோய் என்றார்கள். அ, ஆ என்று வரிசையாகத்தான் வந்திருக்கிறார்கள். கேள்வியின் முதல் பாதியை அவர்களுக்குக் கொடுக்காதவள் நான்.

ஏப்ரல் 20

ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம். நான் என்ன டாக்டரா?

ஏப்ரல் 27

எட்டு நாள். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் என்னவென்று சொல்வது? 'நாளையிலிருந்து போகாதீர்கள்' என்றால் 'எதற்கு' என்பார். எதற்கு என்று சொன்னால், 'டாக்டரிடம் சொன்னாயா' என்பார்.

மே 3

அப்பா வேலை செய்யும் இடத்துக்கு இன்று போனேன். இருபத்து மூன்று வயதில் முதல் தடவை.

புது அடுக்குமாடி, நாலாவது தளம். கீழே தெருவிலேயே சத்தம் கேட்டது. பல் வைத்தியரின் மெஷினை நூறு மடங்கு பெரிதாக்கியது போல. ஒரு ஜன்னலிலிருந்து வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. புகை என்று நினைத்தேன்.

சமையலறை முழுக்க மாவு கொட்டியது போல இருந்தது. நடுவில் இரண்டு வெள்ளை மனிதர்கள். மாமா கல்லைப் பிடித்திருந்தார். அப்பா முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு சிங்க்குக்கு வட்டம் அறுத்துக்கொண்டிருந்தார். புருவம், இமை, காதுமடல் எல்லாம் வெள்ளை. வீட்டுக்கு வரும் அப்பா எப்போதும் கீழ்த்தளக் குழாயில் குளித்துவிட்டுத்தான் மேலே வருவார். அந்த வெள்ளையை நான் பார்த்ததே இல்லை. பார்க்க விட்டதில்லை.

வீட்டுக்கார அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தார். "யாரு நீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா மெஷினை நிறுத்தினார். என் ஆபீஸ் உடுப்பையும் கைப்பையையும் பார்த்தார்.

"கல்லுக் கடை ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்கம்மா. அளவு பாக்க." என்னிடம் திரும்பி, "பாத்து வாங்க, தூசியா இருக்கு," என்றார்.

வாங்க. என்னை.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். மாமாவிடம் அப்போது ஒரு நக்கலும் இல்லை. இருமினார். மாமாவும் இருமுகிறார். இதை இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் இருந்தேன்?

படிக்கட்டில் அப்பா மெதுவாகச் சொன்னார். "இங்கெல்லாம் எதுக்கும்மா வர்ற? உன் துணி பாழாயிடும் பாரு."

"தண்ணி விட்டு அறுத்தா தூசி வராதாமே?"

"பட்டறையில அப்படித்தான் அறுக்கிறோம். சிங்க் ஓட்டை மட்டும் வீட்லதான் போடணும், அளவு தப்பக் கூடாதே. இங்க தண்ணி விட்டா தரையெல்லாம் சேறு, சுவரெல்லாம் கறை. வீட்டுக்காரங்க கத்துவாங்க."

"அப்பா, இந்தத் தூசிதான்..."

"இருபத்திரண்டு வருஷமா இதே தூசிதாம்மா. இப்ப மட்டும் என்ன?"

பின்னால் வந்த மாமாதான் சொன்னார். "இதே தூசி இல்ல மச்சான். முன்னாடி மலைக்கல்லு. இப்ப ஏழெட்டு வருஷமா வர்றது தூளைப் பசை போட்டு அழுத்திச் செஞ்ச கல்லு. தூசியப் பிடிச்சா கையிலயே நிக்காது, அவ்வளவு சன்னம்."

அப்பா, "போடா, மெஷினைத் துடை," என்றார். அவ்வளவுதான். கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டிய இடம் அது. மூச்சு இல்லை.

மே 12

புது டாக்டர். பெரிய டாக்டர் அம்மா. நரைத்த முடி, தாழ்ந்த குரல். மாத்திரைக்குக் கேட்கவில்லை என்று எடுத்த ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் நேராக அப்பாவைக் கேட்டார்.

"ஐயா, கல்லு, மணல், சுரங்கம், இந்த மாதிரி எதுலயாவது வேலை பாத்திருக்கீங்களா?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இதோ, அப்பாவே சொல்லப் போகிறார். எனக்கு வேலை இல்லை. ஐயோ, அந்த ஒரு நொடி எவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார்.

"இல்லைங்க டாக்டர். சொந்தத் தொழில்."

அதே சொல். என் சொல். எழுத்துப் பிசகாமல்.

டாக்டர் அம்மா என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வெளியே அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.

மே 13

தூங்கவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

ஏழாம் வகுப்பு. வருகைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்று டீச்சர் ஒவ்வொருவரின் அப்பா வேலையையும் சத்தமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "கல் அறுக்கிறார்" என்றேன். பின் வரிசையிலிருந்து ஒருத்தி, "கழுத்தறுக்கலையே?" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் கொஞ்சம் சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது. அடி இல்லை, உதை இல்லை. இவ்வளவு சின்ன விஷயம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், இனிமேல் யார் கேட்டாலும் சொந்தத் தொழில் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அழுதேன். "சரிம்மா, அதுவும் நிஜந்தானே? மெஷின் நம்மளுது," என்றார்.

அவர் அன்றிலிருந்து மறக்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேலாக என் மானத்தை எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். நெஞ்சுக்கூடு அடைத்துப் போய் உட்கார்ந்திருக்கும்போதும்.

இன்னொன்றும் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன். நான் கல்லூரி முதல் வருஷம் படிக்கும்போது ஒருதடவை இருமல் வந்தது. தெருமுனை டாக்டரிடம் கூட்டிப் போனவள் நான்தான். அவரும் கேட்டார், என்ன வேலை என்று. "கடை வச்சிருக்காங்க," என்றேன். பாட்டில் மருந்து கொடுத்து அனுப்பினார்.

நாலு வருஷம். நாலு வருஷத் தூசி என் நாக்கிலிருந்து அப்பா நெஞ்சுக்குள் போயிருக்கு. நான் படிச்சதெல்லாம் எதுக்கு? தூ.

மே 16

வாயால் சொல்ல வராது என்று தெரிந்துவிட்டது. கையால் வரும்.

ஆபீஸ் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு நோட்டின் முன்பக்கத்தைத் திறந்தேன். 'வேலை' என்று எழுதியிருந்த ஒவ்வொரு இடத்திலும் கோடு அடித்து, ஓரத்தில் திருத்தம் எழுதினேன். கல் அறுத்தார், தண்ணீர் இல்லாமல். கல் அறுத்தார், தண்ணீர் இல்லாமல். ஓரம் தேய்த்தார். கல் அறுத்தார். ஐம்பத்தேழு இடம். நான் பிழை திருத்திய பக்கங்களில் இவ்வளவு சிவப்பை நான் பார்த்ததில்லை.

மதிய இடைவேளையில் அனுமதி கேட்டு மருத்துவமனைக்குத் தனியாகப் போனேன். ஊதல் அக்கா நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். முகம் மாறியது. ஒன்றும் கேட்காமல் என் மணிக்கட்டைப் பிடித்து வரிசையைத் தாண்டி உள்ளே கூட்டிப் போனார்.

டாக்டர் அம்மா கடைசிப் பக்கம் வரை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை வருஷமா?"

"இருபத்திரண்டு." குரல் வந்துவிட்டது. தாமதமாக.

"மாஸ்க்?"

"துண்டு."

"ஏம்மா முன்னாடியே சொல்லல?"

நோட்டைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மே 20

வளர்த்துப் பார்த்த சளியிலும் கிருமி இல்லை. காசநோய் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் அம்மா அப்பாவுக்குப் புரியும்படி சொன்னார். "ஐயா, கல்லுத் தூசி உள்ள போய் நுரையீரல்ல தழும்பு விழுந்திருக்கு. தழும்பு விழுந்த எடம் மூச்சுக்கு உதவாது. போனது திரும்பி வராது. இருக்கறதக் காப்பாத்தணும். இன்னையிலிருந்து அந்தத் தூசிப் பக்கமே போகக் கூடாது."

"ரெண்டு வீடு பாக்கி இருக்குங்க. அளவு எடுத்தாச்சு."

"ஐயா. இன்னையிலிருந்து."

அப்பா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் வெள்ளை.

நான் பின்தங்கி நின்று கேட்டேன். நாலு வருஷம் முன்பே தெரிந்திருந்தால்? டாக்டர் அம்மா பொய் சொல்லவில்லை. "அப்பவே நிறுத்தியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது. எவ்வளவு குறைஞ்சிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது." தோளில் கை வைத்தார். அந்தக் கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பேருந்தில் அப்பா கேட்டார். "டாக்டருக்கு யாரு சொன்னது?"

"நான்தாம்ப்பா."

"ம்."

ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, "உனக்குச் சங்கடமா இல்லையே?" என்றார்.

நான் பக்கத்து நிறுத்தத்திலேயே இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது.

ஜூன் 6

அந்தத் தனிப் பீங்கான் தட்டை அம்மா உடைத்துப் போட்டாள். டம்ளர் உடையவில்லை, எவர்சில்வர். அதைக் குப்பையில் எறிந்துவிட்டு, திரும்பப் போய் எடுத்து வந்து கழுவி வைத்தாள்.

அப்பா வீட்டிலேயே இருக்கிறார். ஊதல் அக்கா கற்றுக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்கிறார். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதுவது போல மெதுவாக விடுவது. இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் விட வேண்டும். தலைப்பக்கம் இரண்டு தலையணை. அம்மா தாளிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு வெளி வராந்தா. தினமும் கூடத்துக்கும் வாசலுக்கும் நடை. இந்த வாரம் சளிக்காய்ச்சல் தடுப்பூசி. எல்லாம் செய்கிறோம். எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறோம். எண்கள் இறங்கவில்லை.

ஜூன் 23

மாமாவை எக்ஸ்-ரே எடுக்க வைத்தேன். வர மாட்டேன் என்று ஒரே அடம். "போடி டிகிரி, எனக்கு இருக்கிறது டீக்கடை இருமல்." நான் அழுதுகொண்டே சத்தம் போட்டேன். நான் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பயந்துபோய் வந்தார்.

அவருக்கும் ஆரம்பம். சின்னச் சின்னதாக. இப்போது நிறுத்தினால் பெரும்பாலும் இதோடு நிற்கலாம் என்றார்கள். அறுக்கிற வேலையை விட்டுவிட்டார். இப்போது கல்லுக் கடைக்காக வீடு வீடாகப் போய் அளவு மட்டும் எடுக்கிறார். வேறொரு ஆள் ஓட்டை போடுகிறான். மாமா அவன் பக்கத்தில் நின்று, தண்ணீர்க் குழாய் மாட்டினால்தான் மெஷினைத் தொட விடுகிறாராம். வீட்டுக்காரர்கள் கத்துகிறார்கள். கத்தட்டும்.

நல்லது நடந்த நாள் என்று எழுத வேண்டும். எழுத மனம் வரவில்லை. ஒருவருக்கு நேரத்தோடு சொன்னேன் என்றால், இன்னொருவருக்குச் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்.

ஜூலை 9

ஊதல் அக்கா ஆறாவது கட்டம் ஒன்று போடச் சொன்னார்: ஒரு மூச்சில் எத்தனை வார்த்தை பேசுகிறார். "அது குறைஞ்சா தள்ளிப்போடாம உடனே கூட்டிட்டு வந்துடு." இன்று ஒன்பது.

ஜூலை 24

ஏழு.

ஆகஸ்ட் 8

நாலு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தோம். கூடத்து மூலையில் இப்போது ஆக்சிஜன் மெஷின். அப்பா அதன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் சரியில்லை," என்றார். மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, சிரிப்புக்குச் செலவழிக்க மூச்சில்லை.

வாடகைக்கு மெஷின் கொடுத்தவர் ஒரு படிவம் கொண்டுவந்தார். நோயாளியின் தொழில் என்று ஒரு கட்டம். 'கல் அறுப்பவர்' என்று எழுதினேன். இடம் தாராளமாக இருந்தது.

ஆகஸ்ட் 17

ஐந்து. இரண்டு வாரமாக ஐந்திலேயே நிற்கிறது. குறையாமல் இருப்பதே இப்போதைக்கு நல்ல செய்தி என்றார் டாக்டர் அம்மா.

ஆகஸ்ட் 30

நோட்டு தீரப்போகிறது. முன்னாலிருந்து வந்த கட்டங்களும் பின்னாலிருந்து வந்த வரிகளும், நடுவில் கம்பி குத்திய இடத்துக்கு வந்துவிட்டன. மிச்சம் இந்த ஒரு தாள்.

காலையில் அப்பா நோட்டை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். எண்களும் இஞ்சும் படிப்பார். எழுத்து என்றால் கூட்டிக் கூட்டிக் கடைப் பலகை வரைக்கும்தான். விரலை வைத்து முன்பக்கத்தைக் காட்டினார்.

"இது என் இருமல். தெரியும்."

மூச்சு.

திருப்பினார். "இந்தப் பக்கம் என்ன?"

"சும்மாப்பா."

"சும்மாவா இவ்வளவு எழுதின?" மூச்சு. "நாளைக்குப் படி. நான் கேக்கிறேன்."

படிக்கிறேன். நாளை காலை மருந்து உறிஞ்சி, வாய் கொப்பளித்து, நீங்கள் சாய்ந்து உட்கார்ந்த பிறகு மார்ச் 4 முதல் இந்த வரி வரை எதையும் விடாமல் படிக்கிறேன், அப்பா. ஏழாம் வகுப்பையும், தெருமுனை டாக்டரையும், நான் தலையாட்டியதையும். நீங்கள் என்னை 'வாங்க' என்றதையும் படிப்பேன். அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். 'கையெழுத்து அழகா இருக்கும்மா' என்பீர்கள். அல்லது, 'சின்னப் பொண்ணு, உனக்கென்ன தெரியும்' என்பீர்கள். அது வேண்டாம், அப்பா. இத்தனை பக்கம் எழுதியும் இதைக் கேட்கத்தான் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தத்துக்கு மேலே மாமாவைத் திட்டுவீர்களே, அந்த மாதிரி, என்னையும் ஒரே ஒரு தடவை திட்டிவிடுங்கள். சத்தம் வர வேண்டியதில்லை. ஐந்து வார்த்தை போதும்.